ரிக்கார்டு உறையும் கேசட் அட்டையும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இசைத்தட்டின் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் பெரும்பாலும் மைக்செட்காரர்தான். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா என எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரிக்கார்டு போடுவார்கள். பாட்டு ஊருக்கே கேட்கும். உறையோ மரப்பெட்டிக்குள் கிடக்கும். கிழிந்த உறைக்குப் பழுப்புத்தாள் ஒட்டி, தேடி எடுக்க வசதியாக எண் எழுதி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகளின் காலத்தில் உறையில் பார்க்கவும் அதிகம் இல்லை. நடுவில் வட்டமாக வெட்டிய காகிதப் பைதான் உறை. அந்த ஓட்டை வழியே எச்.எம்.வி. நாயோ, கொலம்பியா, சரஸ்வதி போன்ற பெயர்களோ தெரியும். யாருடைய தட்டு என்பதைத்தான் உறை சொன்னது. என்ன மாதிரிப் பாட்டு என்று சொல்லவில்லை. அந்த வேலையைச் செய்தது சினிமாக் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம். மலிவுத் தாளில் அச்சான அதன் அட்டையில் நாயகன் நாயகி படம், உள்ளே கதைச் சுருக்கம், பாடல் வரிகள்.

உறைக்குச் சித்திரம் தீட்டும் பழக்கத்தை அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தின் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 வாக்கில் தொடங்கிவைத்தார். 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டு வந்ததும் ஓரடிச் சதுர அட்டை ஓவியர்களுக்குக் கிடைத்தது. அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவை ராக் குழுக்கள். 1970இல் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தில் பழைய நீராலை ஒன்றின் முன் கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்பாள். ஊசியை வைக்கும் முன்பே இது அச்சமூட்டும் இசை என்று வாங்குபவருக்குப் புரிந்துவிடும். பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டு 'சார்ஜென்ட் பெப்பர்' உறையில் பிரபலங்களின் கூட்டம் நின்றது. அதில் காந்தியின் உருவமும் இருந்தது. இந்தியாவில் மனம் புண்படுவார்கள், விற்பனை கெடும் என்று இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. அஞ்சியதால் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆக்சிஸ்' ஆல்பத்துக்கு, காலண்டரில் வரும் விஷ்ணுவின் விசுவரூபப் படத்தில் குழுவினர் மூவரின் முகங்களைப் பொருத்தி உறை தயாரித்தார்கள். இதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஹெண்ட்ரிக்ஸே அலுத்துக்கொண்டார். இசைத்தவரைக் கேட்காமலே அவருக்கு ஒரு பிம்பம் தயாராகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தமிழ் எல்.பி. உறையில் இசைக்குழுவுக்கு இடமே இல்லை. முன்பக்கம் நடிகருக்கு உரியது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாரும் பின்பக்கத்தில், பாடல்களின் முதல் வரிகளோடு சிறிய எழுத்தில் வருவார்கள். வகையைச் சொன்னவை சினிமா அல்லாத உறைகள். அம்மன் பாட்டு என்றால் சூலமும் வேப்பிலையுமாக அம்மன் படம். நாகூர் ஹனீபா என்றால் அவருடைய தொப்பி. படிக்கத் தெரியாதவரும் இவற்றைப் பிரித்தறிவார். கதை வசனத் தட்டுகளும் கேசட்டுகளும் தனி வகை. 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் திருவிழாக்களில் பாட்டுக்குச் சமமாக ஒலித்தது.

1976இல் இளையராஜா இசையில் 'அன்னக்கிளி' படம் வந்தபின் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. இளையராஜா என்ற பெயரைப் பார்த்தே கேசட் வாங்குவோர் பெருகினர். பின்பக்கத்துப் பெயர் முன்பக்கத்துக்கு நகர்ந்தது. தொகுப்புக் கேசட்டுகளில் நடிகர் மறைந்து இசையமைப்பாளரின் முகமே அட்டையானது. திரைப்படம் எதற்கும் அல்லாமல் 1986இல் வெளிவந்த 'ஹௌ டு நேம் இட்' ஆல்பம் அந்தப் பெயரை நம்பியே விலைபோனது. அதே காலத்தில் 'பயணங்கள் முடிவதில்லை' முதலான படங்களால் நடிகர் மோகன் 'மைக்' மோகன் ஆனார். போஸ்டரில் அவர் கையில் மைக் இருந்தால் பாட்டு நன்றாக இருக்கும் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராக் குழுவுக்கு கிதார் செய்த வேலையை இங்கே மைக் செய்தது.

அட்டையை முதன்முறையாக வீட்டுக்குள் கொண்டுவந்தது கேசட்தான். ஆனால் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித்தான். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று வெளியிட்டபோது அந்தச் சிறிய அட்டையும் இரண்டாகப் பிளந்தது. சிறுநகரங்களில் இதற்கும் மேலே ஒன்று நடந்தது. ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்குவார்கள். கடைக்காரர் பாடல் வரிசையை அட்டையில் பேனாவால் எழுதித் தருவார். முதுகில் 'சோகம்', 'காதல்', 'பக்தி' என்று ஒரு சொல் இருக்கும். பதிப்புரிமைச் சட்டப்படி இது குற்றம். என்றாலும் கேட்பவர் தாமே வகை பிரித்துத் தலைப்பிட்ட அட்டை இது ஒன்றுதான். பளபளப்பான அச்சு உறைகளைவிட ஊரின் ரசனையைச் சரியாகக் காட்டுவதும் இதுவே.

2000க்குப் பிறகு நூறு பாட்டுக்கு மேல் அடங்கிய எம்.பி.3 தட்டுகள், நடிகர்களின் தலைகளை நெருக்கி ஒட்டிய தாளோடு பிளாஸ்டிக் உறையில் வந்தன. அடுத்து செல்போன் கடைக்காரர்கள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரத் தொடங்கினார்கள். அதற்கு அட்டை தேவைப்படவில்லை. ஃபோல்டரின் பெயரே போதுமானதாக இருந்தது.