கண்டிச் சீமைக்குப் போன வழி

எங்க பக்கத்துப் பெரிசுகளுக்கு இலங்கை என்றால் கண்டிதான். 'கண்டிக்குப் போயிட்டான்' என்றால் ஆள் இனி வருவதும் வராததும் அவன் பாடு என்று அர்த்தம். மல்லாங்கிணற்றுக் கரிசலுக்குக் கடல் தூரம்தான். ஆனால் 1910இல் உருவான ராமநாதபுரம் ஜில்லாவுக்குள் இந்தக் கரிசலும் தனுஷ்கோடியும் சேர்ந்தே கிடந்தன. 1985இல்தான் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று. மழை பொய்த்தால் கிழக்கே போ என்பது அந்த ஜில்லாவின் எழுதாத சட்டம்.

இன்று இலங்கையைச் சுற்றிவருகிறவர் சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல என்று ஒரு வாரத்தில் பல நிலங்களைப் பார்த்துவிடுகிறார். வறண்ட காடு, குளங்கள், மலை, குளிர். சின்னத் தீவுக்குள் இத்தனை வகையா என்று வியக்கிறார். இந்த வியப்பு யாருடைய கண்ணிலிருந்து வருகிறது?

1830களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களும் இதே நிலங்களைக் கண்டார்கள், கால்நடையாக. கங்காணிக்குப் பின்னால், மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கி, மணலையும் வன்னிக் காட்டையும் கடந்து, மதவாச்சி, தம்புள்ள வழியாக மாத்தளைக்கு. காலராவிலும் மலேரியாவிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். அவர்களுக்கு நிலம் மாறுவதென்றால் சாவின் முகம் மாறுவது. மாத்தளையில் முத்துமாரியம்மன் இருக்கிறாள். கொள்ளைநோய்க்கு அஞ்சிய சனம் அவளை ஊரில் விட்டுவிட்டா போகும்?

மலையின் பச்சையும் இயற்கை தந்ததல்ல. காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் காப்பியில் இலைநோய் கண்டது; பிறகு மலையெங்கும் தேயிலை ஏறியது. காப்பிக்குப் பருவத்துக்கு ஆள் போதும். கொழுந்து வருசம் பூராவும் கேட்கும். வந்தவர்கள் லயத்தில் தங்கிப்போனார்கள். ரயில் 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது, விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க. இன்று அதே ரயிலின் வாசலில் தொங்கியபடி போட்டோ பிடிக்கிறார்கள்.

நிலத்தை உண்டாக்கியவனுக்கு நாடு இல்லை என்றது 1948ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பலர் வந்த தலைமன்னார் வழியாகவே திருப்பியனுப்பப்பட்டு, நீலகிரியில் மறுபடி தேயிலையே பறித்தார்கள். அங்கேயே தங்கியும் நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

2023இல், மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மக்கள் நடந்தார்கள். பாட்டன் பூட்டன் நடந்த வழியை ஊரறியச் சொந்தம் கொண்டாடிய நடை அது.

இலங்கைப் பயணக் கட்டுரை எழுதும் நம் நண்பர்கள் ஒருமுறையாவது தலைமன்னாரிலிருந்து தொடங்கட்டும். மாத்தளை வருகிறவரை கேமராவை வெளியே எடுக்க வேண்டாம்.