ராஷ்டிரபதி தேர்தலில் சுயேச்சைகள்

தலைநகரின் மேற்குக் கோடியில், நான் குடியிருக்கும் துவாரகாவில், தேர்தல் ஆணையத்தின் பயிற்சிக் கழகம் ஒன்று இருக்கிறது. தேர்தல் நடத்தும் முறையைக் கற்க அயல்நாட்டு அதிகாரிகளும் அங்கே வருவதுண்டு. அந்த வாயிலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். எக்கட்சியையும் சாராத ஒரு குடிமகன் ராஷ்டிரபதி பதவிக்குப் போட்டியிட முடியுமா?

முடியும் என்றே அரசியல் சாசனம் விடை கூறுகிறது. முப்பத்தைந்து வயது நிரம்பிய இந்தியக் குடிமகனாக, மக்களவைக்கு நிற்கத் தகுதியுள்ளவராக, ஆதாயம் தரும் அரசுப் பதவி எதுவும் வகியாதவராக இருந்தால் போதும். ஆயின் சாசனம் திறந்து வைத்த வாயிலுக்கு, பின்னர் வந்த சட்டங்கள் படிகளை உயர்த்திக்கொண்டே போயின.

1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்புமனுவை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், அவ்வளவே. முன்னாளில் வேட்பாளரை 'அபேட்சகர்' என்பார்கள். அபேட்சை என்றால் விருப்பம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அக்காலத்துக்கு அச்சொல் மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சௌத்ரி ஹரி ராம் என்பவர் 1952, 1957, 1962 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நின்றார். 1962-இல் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு 5,53,067 வாக்கு மதிப்பு கிடைத்தது; ஹரி ராமுக்கு 6,341. அவர் நின்றதனால் குடியரசுக்கு யாதொரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

1967-இல் பதினேழு பேர் நின்றார்கள். ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை! முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும்கூட அவர்களுக்கு வாக்களிக்கவில்லை என்பதே இதன் பொருள். கையொப்பம் அத்தனை மலிவாக இருந்தது. 1969-இலோ சுயேச்சையாக நின்ற வி. வி. கிரி, காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளரான சஞ்சீவ ரெட்டியை இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு வென்றார். பிரதமர் இந்திரா காந்தியின் ஆதரவு பின்னால் இருந்தது என்பதை மறக்கலாகாது. அத்தேர்தலை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. ராஷ்டிரபதியே உச்ச நீதிமன்றத்தில் நேரில் சாட்சியம் அளித்தார்.

1974-இல் சட்டம் திருத்தப்பட்டது. முன்மொழியப் பத்துப் பேர், வழிமொழியப் பத்துப் பேர், காப்புத்தொகை 2,500 ரூபாய் என்றாயிற்று. பலன் உடனே தெரிந்தது. 1977-இல் முப்பத்தேழு பேர் மனுச் செய்தும் ஒருவர் மனுவே செல்லுபடியாயிற்று. முன்பு தோற்ற சஞ்சீவ ரெட்டி போட்டியின்றி ராஷ்டிரபதியானார். 1997-இல் பத்து ஐம்பதாயிற்று. தொகை 15,000 ரூபாய். அவ்வாண்டு நம் டி. என். சேஷன் நின்றார். தேர்தல் விதிகளைக் கடுமையாக நடத்திய ஆணையராகப் பெயர் பெற்றவருக்கும் சிவசேனையின் ஆதரவு தேவைப்பட்டது. அவர் பெற்றது 50,631, கே. ஆர். நாராயணன் பெற்றது 9,56,290.

பதினைந்தாயிரம் ரூபாய் இன்று பெருந்தடையன்று. நூறு கையொப்பமே தடை. ஒப்பமிடத் தகுதியுள்ளவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் மட்டுமே. ஒருவர் ஒரு மனுவில்தான் ஒப்பமிடலாம். கட்சித் தலைமை கண்ணசைக்காமல் எந்த உறுப்பினர் பேனாவைத் திறப்பார்? இது போக, வேட்பாளர் தம் பெயர் உள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலையும் இணைக்கவேண்டும். டில்லிக்கு வந்து ஆண்டுகள் பல ஆகியும் ஊர்ப் பட்டியலிலேயே பெயரை வைத்திருக்கும் நம்மவர், அந்த நகலுக்காக ஊருக்குத்தான் எழுதவேண்டும்.

பிரான்ஸிலும் 1976-இல் நூறு என்றிருந்த கையொப்பத்தை ஐந்நூறாக்கினார்கள். ஆனால் அங்கே ஊர் மேயர்களும் ஒப்பமிடலாம். தகுதியுள்ளோர் நாற்பதாயிரத்துக்கு மேல். 2022-இல் நம் ராஷ்டிரபதி தேர்தலில் வாக்குரிமை பெற்றவர் மொத்தம் 4,809 பேர். 115 மனுக்கள் வந்தன. ஆய்வு முடிந்தபோது நின்றவர் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும் மட்டுமே. இருவர் பின்னாலும் கட்சிகள் இருந்தன.