எல்லைக்கோட்டில் புதையல்: புதுச்சேரிக் கிராமங்களில் மண்ணுக்கடியில் கிடந்த பொன்னும் இரண்டு நாட்டுச் சட்டமும்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வானொலியில் 1933-இல் ‘லோன் ரேஞ்சர்’ தொடர் தொடங்கியது. அதன் வழியில் வந்த சாகசத் தொடர்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். சட்டத்தின் கை எட்டாத எல்லைப்புறம், முன்னெப்போதோ ஒருவன் புதைத்துவிட்டுப் போன பொன், அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டை. கேட்டவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அதே மூன்றும், அதாவது எல்லையும் பொன்னும் உரிமைச் சிக்கலும், தென்னார்க்காட்டையும் பிரெஞ்சுப் புதுச்சேரியையும் பிரித்த வரப்புகளில் நூற்றாண்டுக்கு மேலாக நிஜமாகவே இருந்தன. அந்தச் சட்ட வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கி மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. வடக்கே ஆற்றங்கரையில் அரிக்கமேடு, தெற்கே பாகூர், வடமேற்கே வில்லியனூர். பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயர் ஊர்களும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. ஒரே குடும்பத்து நிலத்தில் ஒரு துண்டு ஒரு நாட்டிலும் மறுதுண்டு இன்னொரு நாட்டிலும் இருக்கக்கூடிய அமைப்பு. 1954 நவம்பர் 1 வரை இந்தக் கோடு சுங்கக் கோடாகவும் இருந்தது.

இந்த மண்ணில் ஏன் பொன் புதைந்தது? வங்கி இல்லாத காலத்தில் நிலம்தான் பெட்டகம். அதோடு, 18-ஆம் நூற்றாண்டு முழுக்க இங்கே படை நடமாட்டம். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். 1752-இல் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். 1761-இல் புதுச்சேரி நகரம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. ஊரை விட்டு ஓடுகிறவன் தவலையில் போட்டு மண்ணில் இறக்கிவிட்டுப் போவான். திரும்பி வராதவனின் தவலை அங்கேயே கிடக்கும். புதையலைப் பூதம் காக்கிறது, மை போட்டுப் பார்த்தால் இடம் தெரியும், எடுத்தவன் குடும்பம் விளங்காது என்ற பேச்செல்லாம் இப்படிப்பட்ட மண்ணில் வேரூன்றியதில் வியப்பில்லை.

உரிமைக் கேள்வி மிகப் பழையது. கண்டெடுத்தவனுக்கு ஆறில் ஒரு பங்கு, அவன் அரசுப் பணியாளனானால் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று அர்த்தசாஸ்திரம் வகுத்தது. பெரும் புதையல் அரசனுக்கே. தமிழ்நாட்டில் இதைவிட நெருக்கமான சான்று நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றை விரித்துப் பாருங்கள். நான்கெல்லை சொல்லி முடித்ததும், மரம், கிணறு என்ற வரிசைக்கு முன்னே ‘நிதி நிட்சேபம்’ என்று இரண்டு சொல் வரும். நிதி என்பது நிலத்தில் கிடைக்கும் செல்வம்; நிட்சேபம் என்பது ஒருவர் வைத்துவிட்டுப் போனது. தானசாசனங்களில் எட்டுவகை உரிமையாகச் சொல்லப்பட்ட அட்டபோகத்தின் எச்சம் இது. நிலத்தை வாங்கியவன் அதன் அடியில் உள்ளதையும் வாங்கினான் என்பது இதன் பொருள். மண்வெட்டி பிடித்தவனுக்கு அந்த வரியில் இடமே இல்லை.

இந்தப் பழைய நம்பிக்கையின் மேல் இரண்டு ஐரோப்பியச் சட்டங்கள் வந்து படிந்தன.

பிரெஞ்சுப் பகுதியில் 1819 ஜனவரி 6 ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியரின் சாதி வழக்கங்களையும் மரபுகளையும் அது விட்டுவைத்தது. சிவில் சட்டத்தின் 716-ஆம் பிரிவு புதையலுக்குத் தரும் விடை எளிமையானது: தன் நிலத்தில் கண்டால் முழுவதும் தனக்கு, பிறர் நிலத்தில் கண்டால் கண்டவனுக்குப் பாதி, நிலத்துக்காரனுக்குப் பாதி. உடைமையாளர் என்று யாரும் நிரூபிக்க முடியாத, மறைத்தோ புதைத்தோ வைத்த பொருளாக அது இருக்க வேண்டும். தற்செயலாக அகப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

ஆங்கிலேயர் பகுதியில் சென்னை மாகாணத்துக்கென்று 1832-இலேயே ஒரு ஒழுங்குவிதி இருந்தது. அதை நீக்கிவிட்டு வந்ததுதான் 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்று எல்லாம் சொல்ல வேண்டும். பொருளைக் கருவூலத்தில் கட்ட வேண்டும், அல்லது பிணை தர வேண்டும். கலெக்டர் அறிவிப்புக் கொடுத்து, உரிமை கோருவோரை விசாரிப்பார். நூறு ஆண்டுக்குள் தானோ தன் முன்னோரோ புதைத்தது என்று யாராலும் நிறுவ முடியாவிட்டால் அது உடைமையாளர் இல்லாத பொருள். கண்டவரும் நிலத்துக்காரரும் தமக்குள் ஒத்துப்போகாவிட்டால் கண்டவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசு விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் பங்கு போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

கிணறு வெட்டும் கூலியாள் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடப்பாரை முனையில் ‘டங்’ என்கிறது. ஒரு சட்டி, உள்ளே பொற்காசு. பத்திரத்தின்படி முழுவதும் பண்ணையாருடையது. பிரெஞ்சு மண்ணில் பாதி கூலியாளுக்கு. சில வயல் தள்ளி ஆங்கிலேயர் மண்ணில் முக்கால் அவருக்கு. நிலமில்லாத ஒருவருக்கு நிலம் வைத்திருப்பவரைவிட மூன்று மடங்கு கொடுத்தது அந்த 1878 சட்டம். அக்காலத்து நிலச்சட்டங்களில் இப்படி ஒன்றைக் காண்பது அரிது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எழுத்துமூலம் அறிவிப்புக் கேட்டதும் அதே சட்டம்தான். கலெக்டர் கச்சேரி ஏறுவதைவிடத் தட்டாரின் மூசை பக்கத்தில் இருந்தது. உருகிவிட்ட காசுக்கு முகமும் இல்லை, ஊரும் இல்லை.

இரண்டு சட்டங்களில் வரலாற்றுக்கு உதவியது எது என்று கேட்டால், 1878 சட்டம்தான் என்பது என் முடிவு. பங்கு பிரித்ததற்காக அல்ல. இடத்தையும் தேதியையும் எழுதச் சொன்னதற்காக. சென்னை அருங்காட்சியகத்தின் வெண்கலப் படிமங்களில் பல, இந்தச் சட்டத்தின் வழியாக, கண்டெடுத்த ஊரின் பெயரோடு வந்து சேர்ந்தவை. 716-ஆம் பிரிவு பங்கை மட்டுமே தீர்க்கிறது. யாருக்கும் எதையும் அறிவிக்கச் சொல்லவில்லை.

இந்த வேறுபாட்டின் விளைவைப் பாகூரில் பார்க்கலாம். புதையல் சட்டம் வந்த மறு ஆண்டு, 1879-இல், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஐந்து செப்பேடுகள் அங்கே வெளிப்பட்டன. அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ழூல் தெ லா ஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர். பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்லும் சாசனம் அது. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்த வயல்வெளி நடுவே ஒரு கல்லூரி இருந்ததற்கு அதுவே சான்று. பொன்னை விட மேலான புதையல். ஆனால் அது கிடைத்தது பிரெஞ்சு மண். கடலூர் கலெக்டரின் அறிவிப்புக்கும் விசாரணைக்கும் அங்கே வேலையில்லை. இன்னொரு வகை எல்லையில், புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில், 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருந்தது.

ரோமானியத் தொடர்பு அபிஷேகப்பாக்கத்துக்கு வெகு அருகில் வெளிப்பட்டதும் ஒரு எல்லைக் கதையே. 1937 வாக்கில், அரிக்கமேட்டுப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கவனித்தார். அகஸ்டஸ் முகம் செதுக்கியதாகக் கருதப்படும் சிறு கல் அவற்றில் ஒன்று. இங்கே கிடைத்த ஓடுகள் சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தன. 1944-இல் அங்கு வந்த மார்ட்டிமர் வீலர், அவற்றில் ரோமானிய ஓட்டை அடையாளம் கண்டார். மறு ஆண்டு அவர் பிரெஞ்சு மண்ணிலேயே அகழ்ந்தார். பிரிட்டிஷ் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் பிரெஞ்சு நாட்டில் குழி தோண்டிய அரிய நிகழ்ச்சி அது. பிறகு 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தார்கள். தென்னிந்திய வரலாற்றின் காலக்கணக்கையே திருத்த உதவியவை அந்த ஓட்டாஞ்சில்லுகள். எந்தத் தட்டாரும் அவற்றை எடைபோட்டு வாங்கியிருக்க மாட்டார்; அதனால்தான் அவை பிழைத்தன.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். இரண்டு வாரத்தில் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 1963-இலும் 1968-இலும் வந்த நீட்டிப்புச் சட்டங்கள் இந்தியச் சட்டங்களைக் கூட்டம் கூட்டமாக இங்கே கொண்டுவந்தன. 1972-இன் தொல்பொருள் சட்டம், நூறாண்டுக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தது. வரப்பில் நின்று எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்கும் நிலை முடிந்தது.

முடியாத ஒன்று உண்டு. அபிஷேகப்பாக்கத்திலும் பாகூரிலும் வில்லியனூரிலும் இன்று வீட்டுமனைக்கு அடித்தளம் தோண்டும் பொக்லைன், முன்பு கடப்பாரை ஒரு மாதத்தில் தோண்டியதை ஒரு காலையில் தோண்டிவிடுகிறது. தாழியின் விளிம்போ, கறுப்புச் சிவப்பு ஓடோ, ஒரு காசோ தென்பட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சர்வே எண், ஆழம், தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பொருளோடு தாசில்தாரிடம் கொடுங்கள்.