ஒரே செடியில் இரண்டு ரோஜா



சில வருஷங்களுக்கு முன்னால் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாந்தோப்பு பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு அம்மா தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். கிணற்றடி ஓரமாக ஆளுயரத்துக்கு ஒரு ரோஜாச் செடி. செடி முழுக்க இளஞ்சிவப்புப் பூ.

"சார், எம் பொண்ணு கல்யாணமாகிப் போறப்ப வச்சுட்டுப் போன செடிங்க இது. கருஞ்சிவப்பாப் பூக்கும். ஒரு பூ பூத்தா வாசல் வரைக்கும் மணக்கும். இப்பப் பாருங்க, பன்னீர் ரோசாவா மாறிப் போச்சு. மண்ணு கோளாறா, தண்ணி கோளாறா?" என்று கேட்டார்.

மண்ணிலும் கோளாறு இல்லை, தண்ணீரிலும் கோளாறு இல்லை. கோளாறு என்னுடையது. அதற்கு முந்தின வருஷம் இதே செடியைப் பார்த்தேன். அடியிலிருந்து செழிப்பாக இரண்டு போத்துகள் கிளம்பியிருந்தன. "நல்லா வருதும்மா, வெட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன் நான்தான். குனிந்து பார்க்கவில்லை.

அந்தச் செடி ஏன் அப்படி ஆயிற்று? அது விளங்க வேண்டுமானால் ரோஜாவின் இருநூறு வருஷச் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் பழைய காலத்து ரோஜாக்கள் நன்றாக மணக்கும். ஆனால் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தரம்தான் பூக்கும். சிவப்பு என்று சொன்னாலும் அதில் ஊதா கலந்திருக்கும். சீனத்து ரோஜா வேறு ஜாதி. அது திரும்பத் திரும்பப் பூக்கும். நல்ல ரத்தச் சிவப்பும் அதில் உண்டு. 1792 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் மூலமாக ஒரு சிவப்புச் சீன ரோஜா இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய ரோஜாவின் மணமும் சீன ரோஜாவின் நிறமும் சேர்ந்ததுதான் இன்றைய சிவப்பு ரோஜாவுக்கு அஸ்திவாரம்.

இந்த இரண்டு ஜாதியும் சேர்ந்த இடங்களில் ஒன்று, இந்துமகா சமுத்திரத்தில் இருக்கிற ரெயூனியன் தீவு. பிற்பாடு நம் தமிழ் ஜனங்கள் பலர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன தீவு அது. அப்போது அதற்கு பூர்போன் என்று பெயர். அங்கே விவசாயிகள் நிலத்துக்கு வேலியாகவே ரோஜாவை நட்டிருந்தார்கள். வேலியில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவை தாமாகவே கலந்து ஒரு புது ரோஜா முளைத்தது என்று சொல்வார்கள். அதன் விதை 1819 வாக்கில் பாரிஸ் போனது. தீவில் அந்த ரோஜாவை ரோஸ் எதுவார் என்று அழைத்தார்கள். அதுதான் நம் ஊர்ச் சந்தையில் எட்வர்ட் ரோஜா. மாலைக்கும் பன்னீருக்கும் நாம் வளர்க்கிற அதே இளஞ்சிவப்புப் பூ!

பிறகு பிரான்சில் லியோன் நகரத்து கியோ என்பவர் 1867-ல் லா பிரான்ஸ் என்ற ரோஜாவை வெளியிட்டார். நீண்ட மொட்டு, ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ, திரும்பத் திரும்பப் பூக்கும் குணம். ஹைபிரிட் டீ என்று இன்று நாம் சொல்கிற இனத்துக்கு இதைத்தான் முதல் ரோஜா என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் நிறம் வெளிறிய இளஞ்சிவப்பு.

கருஞ்சிவப்பு, மணம், அழகான மொட்டு மூன்றும் சேர்ந்து பெரிய பேர் வாங்கியது கிரிம்சன் குளோரி. ஜெர்மனியில் வில்ஹெல்ம் கார்டெஸ் 1935-ல் கொண்டுவந்தது. வெல்வெட் மாதிரி இதழ். வாசனையைக் கேட்கவே வேண்டாம். ஆனால் கழுத்தில் பலம் இல்லை. விரிந்ததும் பூ தலை குனிந்துவிடும். அதன் பேரப்பிள்ளை 1952-ல் அமெரிக்காவில் வந்த கிரைஸ்லர் இம்பீரியல். இதற்குக் கழுத்து நிமிர்ந்தது.

அடுத்து ஒரு வேடிக்கை பாருங்கள். கிரைஸ்லர் இம்பீரியலையும் சார்லஸ் மாலரின் என்ற இன்னொரு கருஞ்சிவப்பு ரோஜாவையும் சேர்த்து, பிரான்சில் மெய்லாண்ட் குடும்பத்தார் 1963-ல் பாப்பா மெய்லாண்டை எடுத்தார்கள். அதே இரண்டு ரோஜாக்களைச் சேர்த்து அமெரிக்காவில் 1964-ல் மிஸ்டர் லிங்கனும் ஓக்லஹோமாவும் வந்தன. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் பாப்பா மெய்லாண்டுக்கு மணம் அபாரம், சாம்பல் நோய் சீக்கிரம் பிடிக்கும். மிஸ்டர் லிங்கன் நெட்டையாக, திடமாக வளரும். ஓக்லஹோமாவின் பூ கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்?

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இந்த ரோஜாவின் விதையை ஊன்றினால் அதே ரோஜா வராது. கண் எடுத்து ஒட்டுக் கட்டியோ, குச்சி வைத்தோதான் ஒரு ரகத்தைக் காப்பாற்ற முடியும். இன்றைக்கு உங்கள் வீட்டில் மிஸ்டர் லிங்கன் பூக்கிறதென்றால், 1964-ல் வெளிவந்த அந்தச் செடியின் கண், கை மாறிக் கை மாறி உங்கள் வாசல் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மணம் அவ்வளவு சுலபமாகத் தொலைந்துவிடக் கூடியது. 2015-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் மணமுள்ள பாப்பா மெய்லாண்டையும், மணமில்லாத ரூஜ் மெய்லாண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே சிவப்பு. மணமுள்ள பூவில் ஒரு மரபணு மும்முரமாக வேலை செய்கிறது. மணமில்லாததில் அது அடங்கிக் கிடக்கிறது என்று கண்டார்கள். ஆக, நிறத்தைப் பார்த்து மணத்தை நிச்சயம் பண்ண முடியாது. ஓசூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற தாஜ்மகால் ரோஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளக் காம்பு, நல்ல சிவப்பு, பல நாள் வாடாமல் நிற்கும். மணம் அதிகம் கிடையாது. வியாபாரிக்குத் தேவை வாடாத பூ. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அப்படியானால் மணக்கிற கருஞ்சிவப்பு ரோஜாவை யார் காப்பாற்றுவது? கிணற்றடியில் நாலு செடி வைத்திருக்கிற நீங்கள்தான்.

சரி, அந்த அம்மாவின் செடிக்கு வருவோம். நர்சரியில் வாங்குகிற ஹைபிரிட் டீ ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. மேலே இருப்பது நாம் ஆசைப்படுகிற ரகம். கீழே வேர் வேறொரு ரோஜாவுடையது. சில இடங்களில் மல்டிஃபுளோரா என்ற காட்டு ரோஜா, சில இடங்களில் எட்வர்ட் ரோஜா. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்து வேர்ச் செடியின் பிள்ளை. அதை விட்டுவிட்டால் சாரத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டு மேல் ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். கிணற்றடியில் நடந்தது இதுதான். ரோஜா மாறவில்லை; கீழே இருந்த எட்வர்ட் ஜெயித்துவிட்டது.

ஆகவே, சில விஷயங்களை மனதில் வையுங்கள். நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்தைக் கத்தரியால் வெட்டினால் மறுபடி துளிர்க்கும்; மண்ணைக் கிளறி, கிளம்புகிற இடத்திலேயே பிய்த்து எடுங்கள். இலை எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்து பாருங்கள். கருஞ்சிவப்பு இதழ் கடும் வெயிலில் ஓரம் கருகும்; காலை வெயில் நன்றாகப் பட்டு, மத்தியானம் கொஞ்சம் நிழல் விழுகிற இடம் தோது. ஒன்றரை அடிக் குழியில் மக்கிய தொழு உரம் போட்டு நடுங்கள். சாம்பல் நோய் வரும்; மழைக் காலத்தில் கரும்புள்ளியும் வரும். செடிக்குள் காற்றோட்டம் இருக்கும்படி கவாத்து செய்யுங்கள். பூவை வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்தால்தான் மணம் முழுசாகக் கிடைக்கும்.

அன்றைக்கு நான் மண்டியிட்டுத் தேடினேன். அந்தப் பெரிய போத்துகளின் நிழலில் பென்சில் கனத்தில் ஒரே ஒரு குச்சி உயிரோடிருந்தது. பழைய ரகம்! அதில் தேறியது மூன்று கண்தான். எனக்கு ஏட்டுப் படிப்பு உண்டு, கைப்பழக்கம் போதாது. பக்கத்து ஊரில் மா ஒட்டுக் கட்டுகிற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். பனிக்காலத்தில், அதே எட்வர்ட் போத்துகளின் பட்டையைக் கீறி, மூன்று கண்ணையும் செருகிக் கட்டினார். ஒன்று காய்ந்தது. இரண்டு பிடித்தது. துளிர் விட்டதும் அதற்கு மேலே இருந்த எட்வர்ட் கிளைகளை வெட்டிவிட்டோம்.

அந்தக் கோடையில் முதல் பூ வந்தது. அந்த அம்மா அதைப் பறிக்கவில்லை. "பொண்ணு வந்து பாக்கட்டுங்க" என்றார். அதற்கடுத்த வருஷம் கண் எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு செடி கட்டிக் கொடுத்தோம். ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கட்டும் என்றுதான்.

உங்கள் வீட்டில் மணக்கிற கருஞ்சிவப்பு ரோஜா இருந்தால், இன்று சாயங்காலம் ஒரு தரம் அதன் அடியைக் குனிந்து பாருங்கள்.