பாட்டிகள் பெயர் வைத்த பெஞ்சு

வாரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை, வட்டி எல்லாம் பேசுகிறோம். தவணை கட்டாதவர் பெயர் தீர்மான நோட்டில் ஏறும். அதற்குப் பின்னால் ஆறு மாதமாகத் தூக்கமில்லாத ராத்திரிகள் இருந்தால் அது எந்த நோட்டிலும் ஏறாது. "மனசே சரியில்லக்கா" என்று ஒருத்தி வாய் திறந்தால், "எல்லாருக்கும் உள்ளதுதான், போட்டுக் குழப்பிக்காத" என்று தேற்றி அனுப்பிவிடுகிறோம். மனநல ஆலோசகரைப் போய்ப் பாரு என்று சொல்லிவிட்டாலோ, "நான் என்ன பைத்தியமா?" என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், சகோதரிகளே. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டிலும் இதே பேச்சுதான் இருந்தது. அதைக் கொஞ்சமாவது மாற்றியவர்கள் சில பாட்டிமார்கள். பெண்கள் கூடிச் செய்த காரியம் என்பதால் அந்த வரலாறு நம் மலரில் இடம்பெற வேண்டும் என்று நினைத்தேன்.

அங்கே பெரும்பாலோர் பேசுவது ஷோனா மொழி. டாக்டர்கள் சொல்லும் 'டிப்ரஷன்' என்பதற்கு அதில் நேரான சொல் இல்லை. ஆனால் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். "ராத்திரி பூரா ஒரே யோசனை" என்று நாம் சொல்கிறோமே, அதுதான். 1990-களில் அந்நாட்டின் தலைநகரான ஹராரேயில் நம் நாட்டு மனநல மருத்துவர் விக்ரம் படேல் ஆராய்ச்சி செய்தார். உடம்பு வலி, தூக்கமில்லை என்று ஆஸ்பத்திரிக்கும் நாட்டு வைத்தியரிடமும் வந்தவர்களைக் கேட்டால், பலர் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். ஆவி, சூனியம் என்றவர்களும் உண்டு. அந்த மக்கள் பேசும் பேச்சிலிருந்தே 14 கேள்விகளை அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். அதிகமாக யோசித்துக்கொண்டே இருந்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. படிக்காதவருக்கும் புரிகிற கேள்வி!

மனசில் உள்ளதைச் சொல்ல அங்கே வழியே இல்லாமலும் இல்லை. கல்யாணம், குடும்பம் பற்றிய விஷயங்களில் பெண்ணுக்குப் புத்தி சொல்லும் உரிமை அப்பாவோடு பிறந்த அத்தைக்கு உண்டு. 'தெதே' என்பார்கள். பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த பிறகு அத்தை ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் ஆனார்கள்.

2005 மே மாதம் அரசாங்கம் நகரங்களில் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. சபை கணக்கிட்டது. ஹராரேயின் ம்பாரே பகுதியும் அதில் அடிபட்டது. அதே காலத்தில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். ஏன் முன்கூட்டியே கூட்டி வரவில்லை என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்று அவள் தாய் சொன்னார். நாடு முழுவதற்கும் இருந்ததே பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவர்கள். ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் வர முடியாது, ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு வைத்தியம் போக வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

2006-ல் ம்பாரேயில் ஆரம்பித்தார். அறை கேட்டார், இல்லை. நர்ஸ் கேட்டார், அதுவும் இல்லை. கிடைத்தது 14 பாட்டிகள். மாநகராட்சி சுகாதார வேலையில் வீடு வீடாகப் போய்ப் பழகியவர்கள். இடம் இல்லாததால் ஆஸ்பத்திரி வளாகத்தில் வெளியே ஒரு மரப் பெஞ்சு போட்டார்கள். 'மனநல பெஞ்சு' என்று டாக்டர் பெயர் வைத்தார். யாரும் வந்து உட்காரவில்லை. அந்தப் பெயரில் யார் உட்காருவார்கள்? பாட்டிகள் 'நட்புப் பெஞ்சு' என்று மாற்றச் சொன்னார்கள். டிப்ரஷன் என்ற வார்த்தையையும் விட்டுவிட்டு, 'குஃபுங்கிசிசா' என்றே பேசினார்கள். அதன் பிறகு கூட்டம் வந்தது. பெரிய படிப்புப் படித்தவருக்குத் தோன்றாதது தெருவை அறிந்த கிழவிகளுக்குத் தோன்றியது!

பெஞ்சில் நடப்பது மூன்று படி. முதலில் மனசைத் திறப்பது. வந்தவள் பேசுவாள், பாட்டி கேட்பார். அடுத்து, இருக்கிற பத்துப் பிரச்சினையில் எதை முதலில் எடுக்கலாம் என்று அவளையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது. மூன்றாவது, செய்து பார்த்துவிட்டு மறுபடி வரச் சொல்லித் தைரியப்படுத்துவது. ஆறு தடவை வரை வரலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவரைப் பாட்டிகள் தாங்களே வைத்துக்கொள்வதில்லை, மேலே அனுப்பிவிடுவார்கள்.

பெஞ்சு முடிந்தவர்களுக்கு ஒரு குழுவும் உண்டு. 'கைகோத்து நிற்போம்' என்பதுபோல் அதற்குப் பெயர். வட்டமாக உட்கார்ந்து பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். பையை விற்று நாலு காசும் பார்ப்பார்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பது நாற்று நட்டவர்களுக்கும் பூக்கட்டியவர்களுக்கும் தெரியாததா?

பாட்டி வைத்தியம்தானே என்று உலகம் ஒதுக்கிவிடவில்லை. ஹராரேயில் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரை வைத்துச் சோதித்து, 2016 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான். பிறகு மலாவி, சான்சிபார், நியூயார்க் என்று பெஞ்சு போனது. நம் நாட்டிலும் மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டக் கிராமங்களில் 'ஆத்மீயதா' என்ற திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களே பயிற்சி எடுத்து இந்த மாதிரி வேலை செய்திருக்கிறார்கள்.

நம்மால் முடியுமா என்று கேட்டால், பெஞ்சு போடுவது சுலபம் என்பேன். கேட்டதை வெளியே விடாமல் இருப்பதுதான் கஷ்டம். குழுவில் அழுத ஒருத்தியின் கதை, அவள் வீடு போய்ச் சேருமுன் மாமியார் காதுக்குப் போய்விடுகிற ஊர்கள் உண்டு. பயிற்சி எடுக்காமல், வாயைக் கட்டாமல் நாம் இதில் இறங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அதுவரை, அக்கம்பக்கத்தில் சொல்லப் பயப்படுகிறவர்களுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எடுத்தவுடன் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், "தூக்கம் வரல, ஒரே யோசனையா இருக்கு" என்றாலே போதும்.