முக்காலியான மிருதங்கமும் காணாமற்போன தோலும்

இந்தியக் கைவினைத் தளபாடக் கடைகளில மிருதங்கம், டோலக், தபேலா வடிவில முக்காலிகள் விற்கிறார்கள். மரத்தைக் கடைந்து, வார் மாதிரிக் கயிறு இழுத்துக் கட்டி, மேலே மெத்தை போட்டிருக்கும். பார்க்க வடிவாத்தான் இருக்கு. ஆனால் மிருதங்கத்துக்குப் பக்கத்தில வைத்துப் பார்த்தால், அதிலிருந்து ஒரு வரலாறே கழன்று போயிருப்பது நமக்குத் தெரியும்.

மிருதங்கத்தின் கட்டை பெரும்பாலும் பலாமரம். எங்கட நாட்டிலயும் கதிரைக்கும் கட்டிலுக்கும் போகிற அதே மரம். ஆகவே கட்டை தளபாடமாக மாறுவது பெரிய அதிசயமில்லை. ஆனால் வெறும் கட்டை பேசாது. அதற்குத் தோல் வேணும்: பசு, ஆடு, எருமை என மூன்றினதும் தோல். வலந்தலையின் நடுவில இருக்கிற கறுப்பு வட்டம், கல்லுப்பொடியும் சோறும் குழைத்த பசையைப் படை படையாகத் தேய்த்து ஏற்றியது. எந்தத் தோல் எந்த இடத்துக்கு, எவ்வளவு இழுத்தால் எந்தச் சுருதி என்பதெல்லாம் கைக்கும் காதுக்கும் சேர்ந்து வருகிற அறிவு.

அது யாருடைய அறிவு? பாலக்காடு மணி ஐயரை (1912–1981) நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்துவை எத்தனை பேருக்குத் தெரியும்? தஞ்சாவூர் செபஸ்தியானின் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். இந்தக் கைவினைஞர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். அதன் வெளியீட்டுக்கு மண்டபம் தர ஒப்புக்கொண்ட சென்னைக் கலாக்ஷேத்திரா, பிறகு அனுமதியை மீளப் பெற்றது. அரசியல் சாயல் இருக்காம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நிகழ்வு ஆசிய ஊடகவியல் கல்லூரியில நடந்தது.

மிருதங்கம் அரங்குக்குள்ள போகலாம். அதைச் செய்தவர்களின் கதை போக முடியாது. தோலைத் தொட்டு வேலை செய்பவரைத் தீட்டு என்று தள்ளிவைத்த சமூகம், அதே தோலில எழும் நாதத்தைத் தெய்வீகம் என்று கொண்டாடியது. முக்காலியில அந்தச் சங்கடமும் இல்லை, தோலே இல்லையே!

முக்காலி செய்பவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அவரும் உழைப்பாளிதான், அவருடைய பெயரும் விலைச்சீட்டில இருக்கப்போவதில்லை. எங்கட கேள்வி ‘பாரம்பரியம்’ என்ற சொல்லைப் பற்றியது. வடிவத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, செய்த கையை வாசலில நிறுத்தினால் அது யாருடைய பாரம்பரியம்? எங்கட கச்சேரி மேடைகளிலயும் பக்கவாத்தியக்காரரின் பெயரை அறிவிக்கிறோம். வாத்தியம் செய்தவரின் பெயரை அறிவிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அங்கிருந்தாவது தொடங்குவோமே.