ராக் பாடகி பாடிய ஜாஸ் ரெக்கார்டு: பழசு ஏன் இவ்வளவு மலிவு? வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

அமெரிக்காவில் பழைய இசைத்தட்டு விற்கும் கடைகளில், லிண்டா ரான்ஸ்டாட்டின் 'வாட்ஸ் நியூ' பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கும். விலை கம்மின்னா பாட்டும் சுமார்தானோ? இல்லை, கதையே வேற.

இது என்ன ரெக்கார்டு?

ரான்ஸ்டாட் 1970-களின் முன்னணி ராக் பாடகி. 1983-ல், 37 வயதில், திடீர்னு ரூட்டை மாற்றினார். தன் பெற்றோர் காலத்துப் பாடல்களைப் பாடினார். பலரும் திரும்பத் திரும்பப் பாடி நிலைத்துவிட்ட இத்தகைய பாடல்களைத்தான் 'ஸ்டாண்டர்டு' என்பார்கள்.

என்ன ரிஸ்க்?

ராக் ரசிகர்கள் இதை வாங்குவார்களா என்று ரெக்கார்டு கம்பெனியே தயங்கியது. ரான்ஸ்டாட் விடவில்லை. ஃபிராங்க் சினாட்ராவுக்கு இசைக்கோர்ப்பு செய்த நெல்சன் ரிடில் கைகோர்த்தார். ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 3-ம் இடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்றது. ரிடிலுக்கு கிராமி விருதும் கிடைத்தது. இருவரும் மேலும் 2 ஆல்பங்கள் செய்தனர். 1985-ல் ரிடில் காலமானார். மூன்றாவது ஆல்பம் அதன்பிறகு 1986-ல்தான் வெளிவந்தது.

அப்புறம் ஏன் மலிவு?

அந்த வெற்றிதான் காரணம். பழைய தட்டின் விலையைப் பாட்டின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை. எத்தனை தட்டு சந்தையில் இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க என்பதே முக்கியம். லட்சக்கணக்கில் விற்ற தட்டு எளிதாகக் கிடைக்கும். அதனால் அவசரப்பட்டு மோசமான பிரதியை வாங்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் கவனிக்க:

- வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆழமான கீறல் இருந்தால் ஊசி குதிக்கலாம்.
- கண் மட்டத்தில் பிடித்து, தட்டு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
- பளபளப்பு போய் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், தேய்ந்த தட்டாக இருக்கலாம். தேய்மானம் கழுவினாலும் போகாது.
- 'குட்' என்று எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். ரெக்கார்டு வியாபாரத்தில் அதன் அர்த்தம், நிறைய ஓடி இரைச்சல் வரும் தட்டு. 'விஜி பிளஸ்' அல்லது 'நியர் மின்ட்' பார்த்து வாங்குங்கள்.

இந்தத் தட்டுக்கு ஏன் கூடுதல் கவனம்?

டிரம்ஸ் அதிரும் ராக் பாட்டில் சின்ன கரகரப்பு காதில் விழாது. இது மெதுவான பாட்டு, மென்மையான வயலின். சின்ன தூசி சத்தம்கூட துல்லியமா கேட்கும். முடிந்தால் கடையிலேயே ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.